மழை வந்தா டிடிஎச் நிக்குது, கேபிள் டிவி மட்டும் ஓடுது... ஏன்? செயற்கைக்கோள் வியாபாரத்தின் இயற்பியல் கணக்கு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. சீரியல் முக்கியமான கட்டத்தில் இருக்கும். வெளியே இடியும் மழையும். டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும், அப்படியே உறையும், கடைசியில் 'சிக்னல் இல்லை' என்று வந்து நிற்கும். எதிர் வீட்டில் கேபிள் கனெக்‌ஷன். அங்கே அதே சீரியல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்கும் படம் வருவது வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாகத்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

கஸ்டமர் கேருக்கு போன் போட்டுத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பதில் அலைநீளத்தில் இருக்கிறது. அந்த அலைநீளம்தான் உங்கள் மாடியில் இருக்கும் டிஷ் எவ்வளவு பெரிசு, மாதக் கட்டணம் எவ்வளவு, ஸ்டார்லிங்க் யாருக்குக் கட்டுப்படியாகும், ஆழ்கடலுக்குப் போன படகுக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேருமா என்பது வரை தீர்மானிக்கிறது. கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழில் இது. ஆனால் இதில் கடைசி வார்த்தை முதலாளிகளுடையது இல்லை, இயற்பியலுடையது.

ஏன் சரியாக 36,000 கிலோமீட்டர்?

பூமியைச் சுற்றும் எந்தப் பொருளுக்கும் ஒரு விதி உண்டு. பக்கத்தில் இருந்தால் வேகமாகச் சுற்ற வேண்டும், தள்ளி இருந்தால் மெதுவாகச் சுற்றலாம். சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. கிட்டத்தட்ட 3,84,000 கி.மீ. தள்ளி இருக்கும் நிலவுக்கு 27 நாட்களுக்கு மேல் ஆகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் ஒரு செயற்கைக்கோளும் சுற்றும் உயரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கி.மீ. அங்கே நிறுத்தினால், கீழே இருந்து பார்ப்பவருக்கு செயற்கைக்கோள் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். உண்மையில் அது நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறது. நாமும் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் நிற்பது போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அப்போது வானத்தில் ஒரு செயற்கைக்கோள்கூடக் கிடையாது. அறிவியல் புனைகதை எழுத்தாளரான இவர், பின்னாளில் இலங்கையில் குடியேறி அங்கேயே காலமானார்.

'நிற்பது போலத் தெரிவது' என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 1962ல் ஏவப்பட்ட டெல்ஸ்டார் செயற்கைக்கோளை நினைத்துப் பாருங்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டி டிவி படத்தை அனுப்பிச் சாதனை படைத்தது. ஆனால் தாழ்வாகப் பறந்ததால் ஒரு சுற்றில் இருபது நிமிடம் போலத்தான் இரண்டு கரைக்கும் சேர்ந்து கண்ணில் படும். அதற்குள் ராட்சத ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி அதைத் துரத்த வேண்டும். இதை வைத்து வீட்டுக்கு வீடு டிவி கொடுக்க முடியுமா?

நிலையாக நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஒரு இரும்புத் தட்டும் நாலு போல்ட்டும் போதும். ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். டிடிஎச் தொழில் நிற்பதே இந்த மலிவான தட்டின் மேல்தான். மேலே இருக்கும் ஒரே செயற்கைக்கோள் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒளிபரப்பும். பத்துப் பேர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் செயற்கைக்கோளுக்கு ஆகும் செலவு ஒன்றுதான்.

வானத்தில் மனை வாங்குவது மாதிரி

அந்த உயரத்தில் ஒரே ஒரு வளையம்தான் இருக்கிறது. எல்லா நாடும் அதில்தான் இடம் பிடிக்க வேண்டும். எவ்வளவு நெருக்கமாக நிறுத்தலாம் என்பதையும் இயற்பியல்தான் சொல்கிறது. 60 சென்டிமீட்டர் டிஷ் வானத்தில் சுமார் 3 டிகிரி அகலத்தைப் பார்க்கும். ஒரே அலைவரிசையில் பேசும் இரண்டு செயற்கைக்கோள்களை அந்த அகலத்துக்குள் நிறுத்தினால் இரண்டு சிக்னலும் கலந்துவிடும். அதனால்தான் ஐ.நா.வின் கீழ் இயங்கும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் இந்த இடங்களை ஒழுங்குபடுத்துகிறது. நல்ல இடம் கையில் இருப்பது மெயின் ரோட்டில் மனை இருப்பது மாதிரி.

இதில் இன்னொரு சிக்கல். கோடிக்கணக்கான டிஷ்கள் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பார்த்தபடி முடுக்கப்பட்டிருக்கும்போது, அங்கே இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

தமிழ்நாட்டு நேயர்கள் பலருக்கு 2010 நினைவிருக்கலாம். அந்த ஆண்டு ஜூலையில் இஸ்ரோவின் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சப்ளை கோளாறு ஏற்பட்டது. சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரம் குறைந்ததால் 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், மலேசிய நிறுவனத்தின் மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாற நேர்ந்தது. இன்சாட்-4பி இருந்தது கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில். மீசாட் இருந்தது 91.5 டிகிரியில். வித்தியாசம் வெறும் 2 டிகிரி. ஆனால் அந்த 2 டிகிரிக்காக வீடு வீடாக மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டும்! மேலே போய் ரிப்பேர் பார்க்க ஆள் அனுப்ப முடியாத தொழிலில் ரிஸ்க் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மாடிக்கு வந்து சேர்வது எவ்வளவு?

டார்ச் லைட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் வெளிச்சம் பரவும், மங்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். ரேடியோ அலைக்கும் இதே விதிதான்.

36,000 கி.மீ. தாண்டி வந்த பிறகு உங்கள் வீட்டு டிஷ் பிடிக்கும் சக்தி தோராயமாக ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வீட்டு ஜீரோ வாட்ஸ் பல்பை நினைத்துக்கொண்டு இந்த எண்ணை மறுபடி படியுங்கள். இவ்வளவு மெலிந்த சிக்னலிலிருந்து நூற்றுக்கணக்கான சேனல்களை அந்தச் சின்னப் பெட்டி பிரித்து எடுக்கிறது. சிக்னலில் கொஞ்சம் அடி விழுந்தாலும் தாங்காது என்பதும் இதிலிருந்தே புரியும்.

சரி, மழை என்ன செய்கிறது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

சேனல்களிலிருந்து கேபிள் ஆபரேட்டருக்குப் படம் பெரும்பாலும் சி-பேண்ட் என்ற அலைவரிசையில் வருகிறது. சுமார் 4 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர். டிடிஎச் டிஷ்ஷுக்கு வருவது கே-யூ பேண்ட், சுமார் 12 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்.

மழைத்துளியின் அளவு சில மில்லிமீட்டர். அலை பெரிசாக இருந்தால் இந்தத் துளிகள் அதற்குப் பொருட்டே இல்லை. அலைநீளம் குறைந்து துளியின் அளவை நெருங்க நெருங்க, ஒவ்வொரு துளியும் அலையின் சக்தியைக் கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சத்தைச் சிதறடிக்கும். அதனால் சாதாரணத் தூறலில் டிடிஎச் நிற்பதில்லை. பெரிய துளியோடு அடித்துக்கொண்டு கொட்டும்போதுதான் நிற்கிறது. நம்ம ஊர் மழை அந்த ரகம்.

சில நேரம் வீட்டில் ஒரு சொட்டு மழை இருக்காது, ஆனால் டிவி நின்றிருக்கும். டிஷ் பார்க்கும் திசையில் பக்கத்து ஏரியாவில் மேகம் கொட்டிக்கொண்டிருக்கும். சிக்னல் அந்த மழைக்குள் நுழைந்துதானே வர வேண்டும்.

பழைய காலத்தில் ஆன்டெனா சரியில்லை என்றால் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆனாலும் ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். டிஜிட்டலில் அப்படி இல்லை. பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி இருப்பதால், சிக்னல் குறைந்தாலும் ஒரு எல்லை வரை படம் பளிச்சென்றே இருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் மொத்தமாக விழுந்துவிடும். நடுவில் எதுவும் கிடையாது.

அப்படியானால் டிடிஎச்சும் சி-பேண்டையே பயன்படுத்தலாமே?

பயன்படுத்தலாம். ஆனால் அலைநீளம் மூன்று மடங்கு பெரிசு என்றால், அதே துல்லியத்தோடு வானத்தைப் பார்க்க டிஷ்ஷும் மூன்று மடங்கு பெரிசாக வேண்டும். 60 சென்டிமீட்டர் டிஷ் ஆறு அடிக்குப் போய்விடும். கேபிள் ஆபரேட்டரின் மொட்டை மாடியில் வரிசையாக நிற்கும் பெரிய டிஷ்களைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இதுதான். ஒரு ஊருக்கே ஒன்று என்பதால் அவருக்குக் கட்டுப்படியாகும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு அடி டிஷ் என்றால் யார் வாங்குவார்கள்? ஆக, வருஷத்தில் சில மணி நேரம் மழையில் நிற்கும் என்று தெரிந்தேதான் டிடிஎச் நிறுவனங்கள் சின்ன டிஷ்ஷைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. கோளாறு என்று சொல்வதைவிட வியாபார முடிவு என்பதே சரி.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ் போட்டால் பிடிக்கும் பரப்பு இரண்டேகால் மடங்காகும். மழையைத் தாங்கும் சக்தியும் அந்த அளவுக்குக் கூடும். டிஷ் லேசாகத் திரும்பியிருந்தால் வெயில் காலத்தில் தெரியாது, மழையில்தான் காட்டிக்கொடுக்கும். தூறலுக்கே நிற்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மழை இல்லாத நாளிலும் சிக்னல் போகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. பிப்ரவரி கடைசி - மார்ச் வாக்கிலும், செப்டம்பர் கடைசி - அக்டோபர் வாக்கிலும் சில நாட்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் ரேடியோ அலைகளை உமிழ்வதால் அந்த இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் காணாமல் போய்விடும். தினமும் சில நிமிடம்தான். இதை எந்த டிஷ்ஷாலும் தடுக்க முடியாது.

மழையில் நனையாத அலைவரிசைக்கு என்ன விலை?

சி-பேண்டுக்கு இருக்கும் மவுசு டிவியோடு முடிவதில்லை. தூரமும் போகும், அதிக டேட்டாவையும் சுமக்கும் என்பதால் 5ஜி நிறுவனங்களுக்கும் இதன் மேல் கண். அமெரிக்காவில் செயற்கைக்கோள் நிறுவனங்கள் பயன்படுத்தி வந்த சி-பேண்டில் ஒரு பகுதியை 2020 டிசம்பரில் ஏலத்துக்கு விட்டார்கள். போன இடம் 80 பில்லியன் டாலருக்கும் மேல்! சீக்கிரம் காலி செய்து கொடுத்தால் ஊக்கத்தொகை என்று செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது மட்டும் 10 பில்லியன் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. இந்தியாவிலும் 2022 ஏலத்தில் 5ஜிக்குப் போன 3,300 - 3,670 மெகாஹெர்ட்ஸ், டிவி சிக்னல்களுக்குப் பக்கத்து வீடுதான்.

அரை நொடி தாமதம்

டிவிக்கு 36,000 கி.மீ. உயரம் பொருத்தமானது. பேச்சுக்கும் இன்டர்நெட்டுக்கும் அதே உயரம் வில்லன்.

ஒளியும் ரேடியோ அலையும் நொடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. போகும். மேலே போய் கீழே வர கிட்டத்தட்ட 72,000 கி.மீ. அதாவது கால் நொடி. நீங்கள் கேட்டது போய், பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. மொத்தம் அரை நொடி. எத்தனை கோடி செலவு செய்தாலும் இதைக் குறைக்க முடியாது. செய்தி நேரலையில் ஸ்டுடியோவில் இருப்பவர் கேள்வி கேட்டதும் களத்தில் இருக்கும் நிருபர் ஒரு கணம் தலையசைத்தபடி நிற்பாரே, அவர் யோசிப்பதாக நினைக்க வேண்டாம். கேள்வி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த அரை நொடியைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொழில்கள் இருந்தன. 1994ல் தொடங்கிய தேசிய பங்குச் சந்தை, நாடெங்கும் உள்ள புரோக்கர்களை விசாட் எனப்படும் சின்ன டிஷ்கள் மூலம்தான் மும்பையோடு இணைத்தது. வர்த்தகத்துக்கே செயற்கைக்கோளைப் பயன்படுத்திய முதல் பங்குச் சந்தை அதுதான். லேண்ட்லைன் கிடைக்கவே வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் அரை நொடி ஒரு பொருட்டா? பிறகு ஃபைபர் வந்தது. மைக்ரோ விநாடிக்குப் போட்டி போடும் வர்த்தகம் வந்தது. அதே அரை நொடி பெரிய சுமையாகிவிட்டது. இயற்பியல் மாறவில்லை, சந்தை மாறியது.

கீழே இறங்கினால் என்ன ஆகும்?

தாமதம்தான் பிரச்சினை என்றால் செயற்கைக்கோளைக் கீழே கொண்டுவந்துவிடலாம். ஸ்டார்லிங்க் செய்தது அதைத்தான். உயரம் சுமார் 550 கி.மீ. போய் வரும் பயணத்துக்கு 10 மில்லி விநாடிகூட ஆகாது. மற்ற வேலைகளைச் சேர்த்தாலும் வீடியோ கால் பேச, கேம் விளையாடத் தாராளமாகப் போதும். தூரம் 65 மடங்கு குறைவதால் சிக்னல் மங்குவதும் 4,000 மடங்குக்கு மேல் குறைகிறது.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. இவ்வளவு கீழே இருந்தால் நொடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் பறந்தாக வேண்டும். ஒரு செயற்கைக்கோள் உங்கள் தலைக்கு மேல் நாலைந்து நிமிடம்தான் இருக்கும். பிறகு அடுத்தது வர வேண்டும், அதன் பிறகு அதற்கு அடுத்தது. தாழ்வாக இருப்பதால் ஒன்றால் பூமியின் பரப்பில் அரை சதவீதம் போலத்தான் நன்றாகப் பார்க்க முடியும். மேலே மூன்று செயற்கைக்கோள் செய்த வேலைக்கு இங்கே ஆயிரக்கணக்கில் தேவை. 2025ல் ஸ்டார்லிங்கிடம் ஏழாயிரத்துக்கும் மேல் இருந்தன.

அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. அது இழுக்கும், எரிபொருள் தீரும். சுமார் ஐந்து வருஷத்தில் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். மேலே நிற்கும் பெரிய செயற்கைக்கோளுக்கு ஆயுள் 15 வருஷம். 2022 பிப்ரவரியில் ஒரு சூரியப் புயல் வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்பவைத்தபோது, அப்போதுதான் ஏவப்பட்டிருந்த 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய 40 மேலே ஏற முடியாமல் எரிந்து விழுந்தன.

தரையிலும் செலவு ஏறுகிறது. இரும்புத் தட்டு இங்கே உதவாது. ஓடும் செயற்கைக்கோளைத் துரத்த வேண்டும். அதற்காக ஸ்டார்லிங்க் ஆன்டெனாவுக்குள் நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்கள் இருக்கின்றன. அவை அலைகளை மிகச் சிறிய நேர வித்தியாசத்தில் அனுப்பி, தட்டை அசைக்காமலே கதிரைத் திருப்புகின்றன. டிடிஎச் டிஷ் விலைக்கும் ஸ்டார்லிங்க் கிட் விலைக்கும் இருக்கும் இடைவெளி இதனால்தான். அப்புறம், இதுவும் கே-யூ பேண்டைத்தான் பயன்படுத்துகிறது. கனமழையில் இதுவும் தள்ளாடும்.

முக்கால்வாசி நேரம் கடலுக்கு மேலே

கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் போடும் விஷயம் இது. மேலே நிற்கும் செயற்கைக்கோளை இந்தியாவைப் பார்த்தே நிறுத்தலாம். சம்பாதிக்கும் இடத்திலேயே 24 மணி நேரமும் இருக்கும். தாழ்வாகப் பறப்பது உலகத்தையே சுற்றியாக வேண்டும். பூமியில் 70 சதவீதத்துக்கு மேல் கடல். நாள் முழுக்க ஷிஃப்ட் ஓட்டும் டாக்ஸி முக்கால்வாசி நேரம் ஆள் இல்லாத ரோட்டில் ஓடினால் எப்படி இருக்கும்? கப்பலும் விமானமும் இந்த நிறுவனங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியமான வாடிக்கையாளர்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

இந்தியா போன்ற பெரிய சந்தைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதற்கும் இதுவே பதில். செயற்கைக்கோள் எப்படியும் நம் தலைக்கு மேல் பறக்கத்தான் போகிறது. அனுமதி இல்லாவிட்டால் சும்மா பறக்கும். அனுமதி கிடைத்தால் அதே செயற்கைக்கோள் பணம் பார்க்கும்.

இந்தக் கணக்கில் முதலில் விழுந்தது இரிடியம். மோட்டோரோலா ஆதரவோடு, ஏறக்குறைய 5 பில்லியன் டாலர் செலவில், 66 செயற்கைக்கோள்களோடு 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. பாதி வைத்தால் பாதி வருமானம் என்று இந்தத் தொழிலில் தொடங்க முடியாது. வலை முழுசாக இருந்தால்தான் வேலை செய்யும். அதனால் முழுப் பணத்தையும் முதலிலேயே கொட்ட வேண்டியிருந்தது. போன் விலை சுமார் 3,000 டாலர், செங்கல் சைஸ், கட்டடத்துக்குள் எடுக்காது. அதற்குள் செல்போன் டவர்கள் ஊர் ஊராக வந்துவிட்டன. 1999 ஆகஸ்டில் திவால். மொத்தத்தையும் வெறும் 25 மில்லியன் டாலருக்கு வேறு ஒரு குழு வாங்கியது. கடன் இல்லாத அந்தப் புது இரிடியம் கப்பல், ராணுவம், மலையேறுபவர்கள் என்று சரியான ஆட்களைப் பிடித்து இன்றும் லாபகரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்வெப் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2020 மார்ச்சில் திவால் மனு போட்டது. பிரிட்டன் அரசும் இந்தியாவின் பாரதி குழுமமும் சேர்ந்து கைகொடுத்தன. அதன் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட்தான் கொண்டுபோனது. ஸ்டார்லிங்க் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது? ராக்கெட்டும் சொந்தம், அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் முடிகிறது. வாடகை வண்டியில் சரக்கு ஏற்றுபவருக்கும் சொந்த லாரி வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம்.

சென்னையில் ஃபைபரைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். ஒரு அலைவரிசையில் எவ்வளவு தகவல் அனுப்ப முடியும் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது என்று கிளாட் ஷானன் 1948லேயே நிரூபித்துவிட்டார். அந்த வரம்பு இரண்டைப் பொறுத்தது: அலைவரிசையின் அகலம், இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னலின் பலம். செயற்கைக்கோள் ஒரு ஏரியாவுக்குக் கொடுக்கும் மொத்த வேகத்தை அங்கே இருக்கும் எல்லா வாடிக்கையாளரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மலைக் கிராமத்தில் இருபது வீடு என்றால் ராஜபோகம். தி.நகரில் ஒரு தெருவுக்கே பத்தாது. ஃபைபரோ ஆளுக்கு ஒரு இழை கொடுக்கலாம்.

இந்த வரம்புக்குள் அதிகம் பிழிய ஒரு வழி, நாடு முழுக்க ஒரே பெரிய வெளிச்சம் அடிக்காமல் சின்னச் சின்ன வட்டங்களாக அடிப்பது. பக்கத்துப் பக்கத்து வட்டம் இடிக்காமல் பார்த்துக்கொண்டால் ஒரே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். 2018ல் ஏவப்பட்ட இஸ்ரோவின் ஜிசாட்-11 இப்படி 32 வட்டங்களோடு நொடிக்கு 16 ஜிகாபிட் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில் போன ஜிசாட்-என்2வின் திறன் 48 ஜிகாபிட். எடை ஜிசாட்-11ஐவிடக் குறைவு, வேகம் மூன்று மடங்கு. இதன் வட்டங்களில் எட்டு, வடகிழக்கு மாநிலங்களுக்கென்றே குறுகலாக அமைக்கப்பட்டவை.

2025 ஜூலையில் மத்திய தொலைத்தொடர்பு இணையமைச்சர் பெம்மசானி சந்திரசேகர், ஸ்டார்லிங்கால் இந்தியாவில் 20 லட்சம் வாடிக்கையாளர்களுக்குத்தான் சேவை தர முடியும் என்று சொன்னார். உள்நாட்டு நிறுவனங்களைச் சமாதானப்படுத்தச் சொன்னது போல இருந்தாலும், கொள்ளளவுக்கு எல்லை உண்டு என்பது இயற்பியல்படி சரியான பேச்சுதான். ட்ராய் அமைப்பும் 2025 மே மாதப் பரிந்துரையில், அலைக்கற்றைக்கு வருவாயில் 4 சதவீதம் கட்டணம், அதற்கு மேல் நகரத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் என்று வைத்தது. கிராமத்துக்குப் போ என்று சொல்லாமல் சொல்வது அது. ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் உரிமமும் ஜூலையில் இன்-ஸ்பேஸ் அனுமதியும் கிடைத்தன. இலங்கையில் அதே ஜூலையில் சேவையே தொடங்கிவிட்டது.

வேகம் வேண்டாம், உயிர் வேண்டும்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரியைத் தாக்கியபோது ஏராளமான மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். புயல் உருவானதே அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. படகில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை என்பதால் சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் அது எட்டாது. செல்போன் டவரும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் படகுக்கு மேலே இருந்துதான் பேச முடியும்.

ஆனால் ஆடும் படகில் டிஷ்ஷை வானத்தின் ஒரே புள்ளியைப் பார்த்து நிறுத்துவது எப்படி? எல்லாப் பக்கமும் பார்க்கும் சின்ன ஆன்டெனாதான் வைக்க முடியும். அது பிடிக்கும் சிக்னல் மிகக் குறைவு. அந்தக் குறையை மேலே சரிக்கட்ட வேண்டும். 2015ல் ஏவப்பட்ட ஜிசாட்-6 அதற்காகவே 6 மீட்டர் அகலம் கொண்ட ஆன்டெனாவைக் குடை மாதிரி மடித்து எடுத்துப்போய் விண்வெளியில் விரித்தது. அலைவரிசை எஸ்-பேண்ட். புயல் மழைக்கு அசராது.

இதை வைத்து இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் 364 கோடி ரூபாய் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இதில் வீடியோ பார்க்க முடியாது. குறுஞ்செய்திதான். கரையிலிருந்து 'புயல் வருது, திரும்பு' என்று அனுப்பலாம். படகிலிருந்து 'ஆபத்து' என்று அழுத்தலாம். மெகாபிட் கணக்கில் பார்த்தால் இதற்கு மதிப்பே இல்லை. தூத்தூரிலோ சின்னத்துறையிலோ கேட்டால் வேறு பதில் வரும்.

எஸ்-பேண்டின் அருமை தெரிந்தவர்கள் இதற்கு முன்பும் உண்டு. இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ் 2005ல் தேவாஸ் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் 70 மெகாஹெர்ட்ஸ் எஸ்-பேண்டைப் பற்றியதுதான். 2011ல் மத்திய அரசு அதை ரத்து செய்தது. வழக்குகள் அதன் பிறகு நாடு நாடாக நடந்தன.

ஒரு கிரவுண்டு அளவில் ஆன்டெனா

அடுத்த போட்டி, உங்கள் கையில் இருக்கும் சாதாரண செல்போனுக்கே வானத்திலிருந்து சிக்னல் கொடுப்பது. போனுக்குள் இருக்கும் ஆன்டெனா விரல் நீளம்கூட இல்லை. பேட்டரியும் சின்னது. கீழே எதையும் பெரிதாக்க முடியாது என்றால் மேலேதான் பெரிதாக்க வேண்டும். படகு விஷயத்தில் பார்த்த அதே தர்க்கம், இன்னும் பெரிய அளவில்.

அமெரிக்காவின் ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் நிறுவனம் 2022ல் சோதனைக்காக அனுப்பிய செயற்கைக்கோளின் ஆன்டெனா 64 சதுர மீட்டர். அதன் அடுத்த தலைமுறை புளூபேர்ட் செயற்கைக்கோளை 2025 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்-3 ஏவியது. எடை 6,100 கிலோ. இந்திய மண்ணிலிருந்து இவ்வளவு கனமான செயற்கைக்கோள் அதற்கு முன் போனதில்லை. அதன் ஆன்டெனா விரிந்தால் 223 சதுர மீட்டர், அதாவது 2,400 சதுர அடி. சென்னைக் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்டு.

இப்படி ஒரு கிரவுண்டு அகல ஆன்டெனா தலைக்கு மேல் பறந்தாலும் ஒரு விஷயம் மாறாது. கான்கிரீட் கூரைக்குக் கீழே போனால் சிக்னல் பலமிழந்துவிடும். 1998ல் இரிடியம் போன் வைத்திருந்தவர் மாதிரியே, போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கமோ மாடிக்கோதான் வர வேண்டியிருக்கும்.